பின்வரிசை ஆள்

“சொன்ன மாதிரி ஏலத்துல பின்வரிசையில உக்காந்தியா?” என்றார் குமாஸ்தா.

“உக்காந்தேன் அத்தான்,” என்றான் மைத்துனன். “உங்க தபால்தலை ஆல்பத்துக்கு முன்வரிசையில ஒரு வழுக்கைத் தலையன் மல்லுக்கட்டினான். நான் விலையை ஏத்த ஏத்த அவனும் ஏத்தினான். கைக்குட்டையால முகத்தைத் துடைச்சதும், போதும்னு அவன் தலையில கட்டிட்டேன். ரெண்டு மடங்கு விலை!”

“பாவம்டா.”

“வாங்கறவன் பாடு. உங்களுக்கு ஏசி வாங்கப் பணம் வந்தாச்சுல்ல?”

இருவரும் சிரித்தார்கள். மைத்துனன் முகம் கழுவ உள்ளே போனான். அழைப்பு மணி அடித்தது. குமாஸ்தா கதவைத் திறந்தால், அவர் ஆபீஸ் கேஷியர் கையில் பார்சலோடு நின்றார்.

“அடுத்த வாரம் உங்க பிரிவு உபசார விழாவுல கொடுக்கறதா இருந்தோம் சார். மனசு கேக்கலை. முப்பது வருஷமா சேர்த்ததை விக்கிற அளவுக்கு உங்களுக்கு என்ன கஷ்டமோன்னு எல்லாருமா பணம் போட்டோம்.”

குமாஸ்தா பார்சலைப் பிரித்தார். அவருடைய ஆல்பம்.

“பின்னாடி எவனோ ஏத்திக்கிட்டே இருந்தான் சார். திரும்பித் திரும்பிப் பார்த்தேன், இரக்கமே இல்லை. பணம் பத்தலைன்னு ஆபீஸுக்குப் போன் போட்டேன். கூட்டிப் பெருக்கற அம்மாதான், ‘என் சம்பளத்தையும் சேத்துக்கோங்க, விட்டுடாதீங்க’ன்னாங்க.”

குமாஸ்தா உள் கதவைச் சாத்தப் போனார்.

“யாரு அத்தான்?” என்றபடி மைத்துனன் வெளியே வந்தான்.

கேஷியர் அவனைப் பார்த்தார். பிறகு குமாஸ்தாவைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து, வழுக்கைத் தலையிலிருந்து கழுத்துவரை மெதுவாகத் துடைத்துக்கொண்டார்.