விலை: ஒரு மன்னிப்பு

நாலாயிரம் வாடிக்கையாளர்களின் உடல் அளவுகள் இருந்த பென்டிரைவுக்கு, கடையில் கம்ப்யூட்டர் பார்த்துவந்த மச்சினன் கேட்ட விலை, ஒரே ஒரு மன்னிப்பு. தையல் கடை முதலாளிக்கு அதுவே கொள்ளை விலையாகப் பட்டது.

"கஸ்டமருங்க முன்னாடி என்னைத் திருடன்னு சொன்னீங்க, மாமா. அதே வாயால மன்னிச்சுக்கோன்னு சொல்லுங்க, வச்சுட்டுப் போறேன். இல்லேன்னா இதுவும் என்கூட எதிர்த்த கடைக்கு வரும்."

முதலாளி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். மச்சினன் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், பென்டிரைவில் இருந்த அளவு சாஃப்ட்வேரை டெஸ்க்டாப்புக்கு அனுப்பிவிட்டிருந்தார். திறந்தும் பார்த்தாயிற்று, நாலாயிரம் பேரும் வரிசையாக இருந்தார்கள்.

"உன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணுமா?" என்றபடி கம்ப்யூட்டரில் செருகியிருந்த பென்டிரைவைப் பிடுங்கித் தரையில் போட்டு, செருப்புக் காலால் நொறுங்க மிதித்தார். "இப்ப எடுத்துட்டுப் போடா, வெட்டிப்பயலே!"

மீசையைத் தடவிக்கொண்டே திரையிலிருந்த ஐகானைத் தட்டினார். திறக்கவில்லை. மறுபடி தட்டினார். அப்போதும் இல்லை.

எட்டிப் பார்த்த மச்சினன் சிரித்துவிட்டான்.

"என் கம்ப்யூட்டர்ல எதையும் ஏத்தாதேன்னு கத்துனது நீங்கதானே, மாமா? ஆறு வருஷமா எல்லாமே பென்டிரைவுலதான் ஓடுச்சு. நீங்க அனுப்பி வச்சது வெறும் ஷார்ட்கட். மூலையில குட்டியா ஒரு அம்புக்குறி தெரியுதா? அது உங்க செருப்புக்கு அடியில இருக்கிறதைத்தான் காட்டுது."

நாலாயிரம் அளவில் கடைக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று: முதலாளியின் செருப்பு, ஒன்பதாம் நம்பர்.