அரை மணி வேகம்

சமையலறைக் கடிகாரம் ஆறு காட்டுகிறது. மேற்கு ஜன்னல் வெயில் இன்னும் மேடையை விட்டு இறங்கவில்லை. இன்றும் மூன்று மணிக்கு அம்மா உரித்து வைத்த வாழைப்பழம் தட்டில் கறுத்துக் கிடக்கிறது. ஓட்டப்பந்தயக்காரி சின்னவளுக்கு, கிளம்பும்போது கிடைத்ததை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவதே வழக்கமாக இருந்தது. மைதானத்தில் எல்லாம் வாந்தியாகிவிடும். ஐந்து மணிப் பயிற்சிக்கு மூன்று மணிக்கே சாப்பிடச் சொல்லிப் பயிற்சியாளர் தலைபாடாக அடித்துக்கொண்டார். கேட்டால்தானே? அரை மணி முன்னதாகவாவது சாப்பிடட்டும் என்று அம்மா சத்தமில்லாமல் இந்தக் கடிகாரத்தின் முள்ளை அரை மணி முன்னே தள்ளி வைத்தாள். கைக்கடிகாரம் கட்டாத சின்னவளோ, மைதானத்தில் மற்றவர்கள்தான் தாமதமாக வருகிறார்கள் என்று கடைசிவரை குறைசொல்லிக்கொண்டிருந்தாள். போன மாதம் ஒரு மாலை, பாதி ஓட்டத்தில் விழுந்தவள் எழுந்திருக்கவேயில்லை. அப்போது நிஜ மணி ஆறு.

பெரியவள் முக்காலியில் ஏறிக் கடிகாரத்தைப் பிடிக்கிறாள். அதன் டிக் டிக் அவள் உள்ளங்கையில் துடிக்கிறது. "அம்மா, மணி இப்ப அஞ்சரைதான். இனிமே இது யாருக்காக வேகமா ஓடணும்? சரி பண்ணிடறேன்."

பாத்திரம் கழுவிய ஈரக் கை ஒன்று அவள் கணுக்காலைப் பற்றுகிறது. விடவில்லை.

"அதைத் தொடாதடி. அதுல ஆறு ஆயிட்டாலும், அவ இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கா."