வெறும் படிக்கட்டு

“கம்பெனி குடுத்தது ஸ்லைடரா? வெறும் படிக்கட்டு!” பாறை இடிக்காமல் காக்க ஜீப் கதவுக்குக் கீழே மாட்டியிருந்த இரும்பைக் கணவர் எட்டி உதைத்தார். “பாறையில உரசினாலே நசுங்கிடும். கழட்டி எறிப்பா!”

மெக்கானிக் தயங்கினார். “வெளியில வாங்கி மாட்டுற ஸ்லைடர் உறுதிதான் சார். ஆனா வண்டியோட ஒட்டியே இருக்கும், கால் வெச்சு ஏற முடியாது.”

“படி கேக்கிறவன் எல்லாம் பஸ்ல போகட்டும்!”

“ஏங்க, கொஞ்சம் யோசிச்சு...” என்றாள் மனைவி.

“பாறையில வண்டி ஏத்துறதப் பத்தி உனக்கென்ன தெரியும்? சும்மா இரு.”

புது ஸ்லைடரை மாட்டி முடித்து மெக்கானிக் சாவியை நீட்டினார். மனைவி வாங்கிக்கொண்டு, ஒரே தாவலில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். வாய் பிளந்த மெக்கானிக்கிடம், “பாறையில வண்டி ஏத்துறது நான்தான். அவருக்கு லைசென்ஸே கிடையாது,” என்றாள்.

மறுபக்கம் கணவர் மூன்றாவது தடவையாகக் காலைத் தூக்கினார். எட்டவில்லை.

“ஏய், கையைக் குடேன்!”

“பஸ் ஸ்டாப் பக்கத்துலதான் இருக்கு,” என்று வண்டியைக் கிளப்பினாள்.