கேஷியர் அக்கா சிரிக்கவில்லை

"டைஹைட்ரஜன் மோனாக்சைடு! அளவு மீறினால் உடம்பு வீங்கும், மூச்சு முட்டும், உயிரே போகும்!"

போனில் வந்த மெசேஜைக் கிளார்க் உரக்கப் படிக்க, ஆபீஸே அரண்டது.

"உடனே தடை பண்ணணும்ப்பா!" என்றார் மேனேஜர்.

"தண்ணிய எப்படி சார் தடை பண்றது? அதோட கெமிக்கல் பேருதான் இது!" என்றான் கிளார்க்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கேஷியர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"அதை எனக்கு அனுப்புப்பா."

"யாரை ஏமாத்தப் போறீங்கக்கா?"

"ஏமாத்த இல்ல, மாமியாருக்கு. எங்க வீட்டுக்காரருக்குக் கிட்னி ரெண்டும் போச்சு, தண்ணி அளவாத்தான் குடுக்கணும். தாகம்னு அவர் கெஞ்சினா, பெத்த மனசு, எனக்குத் தெரியாம குடுத்துடறாங்க. நான் தடுத்தா கொடுமைக்காரி. போன்ல வந்தா நம்புவாங்க. அந்த வாயில நுழையாத பேரை எடுத்துட்டுத் தண்ணின்னே போடு."

கிளார்க் மாற்றினான். மறுபடி படித்தபோது அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.