மத்தியானம் ரெண்டு மணிக்கு

“இன்னும் எவ்ளோ நேரம் ஆவும் மேடம்?” சுகுமார் மறுபடியும் கேட்டான்.

வக்கீல் ஜெயப்பிரியா காதிலிருந்து போனை எடுக்கவில்லை. “பத்தரைக்குத்தாங்க சுப்ரீம் கோர்ட்டு உக்காரும். டெல்லில நம்ம வக்கீல் ரெடியா நிக்கிறாரு.”

ஏரிக்கரைத் தெருவே அங்கே கூடியிருந்தது. ஏரிப் புறம்போக்கு என்று அத்தனை வீட்டையும் இடிக்க வந்த அதிகாரிகள் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். தெருமுனையில் ஜேசிபி நின்றது, டிரைவர் சீட் காலி. அதைப் பார்த்துத்தான் பாதிப் பேருக்குக் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

சுகுமாரின் அக்கா பாஞ்சாலி வீடும் அந்தத் தெருவில்தான். புருஷன் போன பிறகு சூளையில் கல் சுமந்து ஒற்றை ஆளாகக் கட்டிய வீடு. அதுவும் போனால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

பாஞ்சாலி எல்லாருக்கும் டீ கொடுத்தாள். கூடப் பிறந்தவனை மட்டும் தாண்டிப் போனாள். அவன் அதற்காகக் கோபப்படவில்லை.

“எல்லா ஜட்ஜும் ஒண்ணா உக்காந்து நம்ம கேஸ கேப்பாங்களா மேடம்?”

“இல்லைங்க. ரெண்டு பேர், மூணு பேரா தனித்தனியா உக்காருவாங்க. அவசரம்னா முதல்ல தலைமை நீதிபதிகிட்ட சொல்லணும். அவர் சரின்னா இன்னிக்கே எடுப்பாங்க.”

“எடுத்துக்கினா இடிக்கிறது நின்னுடுமா?”

“விசாரிச்சு ஸ்டே குடுத்தாத்தான் நிக்கும்.”

சுகுமாருக்குத் தலை சுற்றியது. அவ்வளவு பெரிய கோர்ட்டு, வாயைத் திறந்தாலே எல்லாம் நின்றுவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தானே, பாவி மனுஷன்! சட்டைப்பையில் போன் அடித்தது. முதலாளி. கட் பண்ணினான். மறுபடி அடித்தது, மறுபடியும் கட் பண்ணினான்.

திடீரென்று ஜெயப்பிரியாவின் முகம் மலர்ந்தது. “எடுத்துக்கிட்டாங்க! மத்தியானம் ரெண்டு மணிக்கு விசாரணை!”

தெருவே கைதட்டியது. சுகுமார் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான். சத்தம் கேட்டு அதிகாரி எழுந்து வந்தார்.

“விசாரணை நடக்கட்டும்மா. கையில ஸ்டே ஆர்டர் இருக்கா?”

“ரெண்டு மணி வரைக்கும் பொறுங்க சார்.”

“எனக்கும் மேல இருந்து உத்தரவும்மா. எந்தக் கோடியிலேர்ந்தாவது ஆரம்பிங்கப்பா!”

மணி பதினொன்றுகூட ஆகவில்லை. ரெண்டு மணிக்குத் தெருவில் என்ன மிஞ்சியிருக்கும்? ஜெயப்பிரியா மறுபடி டெல்லிக்குப் போன் போட்டுப் பார்த்தாள். கோர்ட்டுக்குள் போய்விட்ட வக்கீல் எடுக்கவில்லை. டெல்லி எங்கே, ஏரிக்கரைத் தெரு எங்கே! யாரிடம் போய் முட்டிக்கொள்வது? சுகுமாருக்கு அடக்க மாட்டாமல் அழுகை வந்துவிட்டது.

பாஞ்சாலி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். காலையிலிருந்து முகம் கொடுத்துப் பேசாதவள், முந்தானையால் அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

“அழுவாதடா. நீ இல்லன்னா வேற ஆள கூட்டிக்கினு வருவாங்க. அக்கா வூட்ட மட்டும் வுட்டுட்டான்னு நாளைக்கு ஒருத்தரும் உன்ன பேசக் கூடாது. ஜேசிபில ஏறு தம்பி, மொதல்ல என் வூட்ட இடி.”