ஏரிக்கரையில் ஏழு சீட்டு

"பத்தொன்பதாவது விதியை நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள பறவையெல்லாம் சாப்பிட்டுக் கிளம்பிடுது, சார்," என்றார் பஸ் டிரைவர்.

ஏரிக்கரை பெஞ்சின் முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்த அச்சகக்காரர் கையிலிருந்த அட்டையைத் தாழ்த்தினார். பறவை பார்க்கும் இந்தக் குழுவைத் தொடங்கியவர் அவர்தான். இருபத்தேழு விதிகளை எழுதி, தன் அச்சகத்திலேயே வழவழ அட்டையில் அடித்து, ஆளுக்கொன்று கொடுத்தவரும் அவர்தான். பேசக் கூடாது என்பது முதல் விதி. அதை விளக்க மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் அவருக்குக் கால் மணி நேரம் பிடிக்கும்.

குழுவில் ஏழே பேர். அச்சகக்காரர், அவர் மனைவி, மனைவியின் தம்பி, டிரைவர், டீச்சர்களான அக்கா தங்கை இருவர், கடைசியாக வந்து சேர்ந்த மருந்துக்கடைக்காரர். இந்த மருந்துக்கடைக்காரர் எதையும் வாசிக்க மாட்டார். சத்தமில்லாமல் விரலை நீட்டுவார், அங்கே ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும். அவர் பக்கத்தில் நிற்க இப்போதெல்லாம் போட்டியே நடந்தது. இவரையே தலைவராக்கினால் என்ன என்று டிரைவர் போன வாரமே வாய்விட்டுக் கேட்டிருந்தார்.

"அப்படின்னா இப்பவே ஓட்டு எடுத்துடலாம். நானா அவரான்னு தெரிஞ்சுடும்," என்றார் அச்சகக்காரர்.

மூன்று வருடமாகக் கண்ணுக்குள் வைத்துக் காத்த குழு. கைவிட்டுப் போனால் வெளியில் தலைகாட்ட முடியாது. ஆனால் போவதற்கு வழி ஏது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டார். மனைவியும் மச்சானும் சொந்த ஆட்கள். டீச்சர்கள் இருவரும் அட்டை அழகாக இருக்கிறது என்று சொன்னவர்கள். ஏழில் நான்கு உறுதி. அந்தத் தெம்பில், தன் பெயரைத் தானே எழுதுவது பெரிய மனிதனுக்கு அழகில்லை என்று தாராளமாக மருந்துக்கடைக்காரருக்கே எழுதி மடித்தார்.

மச்சானின் தொப்பியில் ஏழு சீட்டுகளும் விழுந்தன. மூத்த டீச்சர் ஒவ்வொன்றாகப் பிரித்து, பரீட்சை மார்க் வாசிக்கும் குரலில் படித்தார். மருந்துக்கடைக்காரருக்கு ஆறு. அச்சகக்காரருக்கு ஒன்று.

அச்சகக்காரர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மச்சானை எரித்துவிடுவது போலப் பார்த்தார். இரண்டு வருடமாகத் தன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன், இப்போது காலித் தொப்பியை உதறு உதறென்று உதறிக்கொண்டிருந்தான். பாவி, இவனுமா என்று அவருக்கு வயிறு எரிந்தது.

அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று கேட்கவே வேண்டியதில்லை. மனைவியிடம் நகர்ந்து உட்கார்ந்து, "எல்லாரும் கைவிட்டாலும் நீ விடலையே. எனக்கு அது போதும்," என்றார். அவள் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. ஏரியில் அப்போது ஒரு பறவைகூட இல்லை.

மருந்துக்கடைக்காரர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். புதுத் தலைவர் என்ற மிடுக்கு கொஞ்சமும் இல்லை, முகம் வெளுத்திருந்தது.

"தப்பா நினைக்காதீங்கண்ணே, இப்படி ஆகும்னு நான் கனவுலகூட நினைக்கலை. என் பேரை நானே எழுதினா நல்லா இருக்காதுன்னு, நான் உங்க பேரைத்தான் எழுதினேன்."