ஆமிக்காரன்ட கட்டில்

"ஐ.சி.யூ.வுக்கு ஒரு கிழமைக்குக் குடுத்த குளோரின் புதன்கிழமையே முடிஞ்சிட்டாம். குடிக்கிறாங்களா, குளிக்கிறாங்களா?"

ஒரு மாத லீவு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்தார் அத்தாஉல்லா. ஆஸ்பத்திரித் துப்புரவு வேலைக்கு அவர்தான் ஓவர்சியர்; எல்லாருக்கும் 'நானா', அண்ணன்.

களஞ்சியத்து ஜுனைதா குரலைத் தாழ்த்தினாள்.

"குடிக்கல்ல நானா. ஐ.சி.யூ. கூட்டித் துடைக்கிற உடப்பு ஊர்ப் பவளக்கா அந்த ஆமிக்காரன்ட கட்டிலுக்கு ஊத்துறாவாம். கம்பி, மேசை, சேலைன் கொழுவுற தடி எல்லாம் ஒரு நாளைக்கு ஆறு தரம். விட்டா அவன்ட மூக்கையும் துடைச்சு விடுவாவாம்."

வில்பத்துக் காட்டுப் பக்கம் கண்ணிவெடியில் அடிபட்டு, நினைவில்லாமல் கிடக்கும் சிப்பாய் அவன்.

அத்தாஉல்லாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆமிக்குப் பந்தம் பிடிக்கிறா, நல்ல பேர் வாங்கப் பார்க்கிறா. பிடிக்கட்டும், அரசாங்கத்துக் குளோரினில் ஏன் பிடிக்க வேண்டும்?

நேரே ஐ.சி.யூ.வுக்குப் போனார். வாயில் வெற்றிலை, உள்ளே விடமாட்டார்கள். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"என்ன பவளக்கா, மாப்பிள்ளைக் கட்டிலா சோடிக்கிறீங்க?"

பவளம் நிமிரவில்லை. கட்டில் கம்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"பொல்லாத கிருமி நானா. எந்த ஊசிக்கும் சாகாதாம். கம்பியில, மேசையில எல்லாம் ஒட்டிக்கிடந்து, தொடுற கையோட அடுத்த கட்டிலுக்குப் போயிடுமாம்."

"அடுத்த கட்டில்ல ஆரு, ராசாவா?"

"என்ட மனுசன்."

அத்தாஉல்லா வெற்றிலையை விழுங்கிவிட்டார். இருமி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எனக்குத் தெரியாது பவளக்கா. நான் நினைச்சேன், நீங்க ஆமிக்குப் பந்தம் பிடிக்கிறீங்க எண்டு."

"இவனுக்கா?" துணியைக் குளோரினில் முக்கிப் பிழிந்தாள். "போன மாசம் செக்பொயிண்டில இவன்ட ஆக்கள் என்ட மனுசனை வெயில்ல முட்டுக்கால்ல நிக்க வச்சவங்க. விடியக் காலையில இருந்து மத்தியானம் வரைக்கும். எனக்கென்ன பந்தம்?"

அவருக்கு மனம் லேசானது. பொஞ்சாதி புருசனைக் காப்பாற்றப் பார்க்கிறாள். இதில் என்ன குற்றம்? ஜுனைதாவுக்கு வேறு வேலையில்லை.

நேர்ஸ் கத்தரினாவின் மேசையில் கடதாசி ஒன்று வாங்கி, ஐ.சி.யூ.வுக்கு இன்னும் இரண்டு கலன் குளோரின் எழுதி, கையெழுத்தும் போட்டார்.

கத்தரினா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு போத்தலுக்கே மூண்டு நாள் இழுத்தடிக்கிற ஆள் நீங்க. இண்டைக்கு என்ன நானா?"

"பாவம் சிஸ்டர், பவளக்கா. ஆமிக்காரன்ட கிருமி புருசனுக்கு ஒட்டிடும் எண்டு பயந்துதானே இந்தப் பாடு படுறா."

கத்தரினா பேனையைக் கீழே வைத்தாள்.

"ஆமிக்காரனுக்கு ஏது நானா கிருமி? கிருமி பவளக்காட புருசனுக்கு."